மொட்டைத் தலையோடு ஒரு விடுமுறை

எங்கள் குடும்பத்தில் விடுமுறைக்கென்று யாரும் எங்கேயும் போனதில்லை. என் கணவரின் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ரயில்வே, நகராட்சி. எங்களுக்குப் பயணம் என்றால் கல்யாணம், கருமாதி, அதை விட்டால் பெகு பக்கத்தில் ஏதாவது ஒரு கோயில் தீமிதி. ஆகவே பாலித் தீவுக்கு ஐந்து நாள் போகிறோம், எரிமலை அடிவாரத்தில் கடற்கரை ரிசார்ட்டில் தங்கப் போகிறோம் என்று யாங்கோன் என்று பெயர் மாறிய அதே ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் தெருவில் நான் சொன்னபோது, எல்லாரும் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகன், இருபத்திரண்டு வயது. அந்த வயதுப் பையன்களின் பெயரை வார்டு வார்டாகக் குலுக்கி எடுத்துப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கென்று வெளிநாடு போக அவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஆகிவிட்டது. சுற்றுலாவுக்குப் போகலாம் என்றார்கள். அதுவும் விமான நிலையக் கவுண்டரில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் காலையில் என்ன மனநிலையில் எழுந்தார் என்பதைப் பொறுத்தது. என் நாத்தனார் மலேசியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பையனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார், காகிதம் வர மூன்று வாரம் ஆகும் என்றார். பாலிக்குப் போக எங்களுக்கு விசா வேண்டியதில்லை. மூன்று பேராகப் போவது, இரண்டு பேராகத் திரும்புவது, பையன் அங்கேயே காத்திருந்து மலேசியா போவது. இதுதான் எங்கள் விடுமுறை.

திட்டம் என் கணவருடையது. அவர் அதிகம் பேசாத மனிதர், ஆனால் ஒரு காரியத்தை எடுத்தால் காகிதம் காகிதமாக அடுக்கி வைப்பார். போக வர டிக்கெட், ரிசார்ட் பதிவு, பையனுக்குக் கடலில் குளிக்க அரை நிஜார், எனக்கு ஒரு வைக்கோல் தொப்பி. எல்லாம் சரியாக இருந்தது. அதில் மண்ணைப் போட்டது நான்.

பெயர் குலுக்கல் ஆரம்பித்த மாதமே பபேடானில் இருக்கிற அம்மன் கோயிலில் போய் நின்று, என் பிள்ளை பத்திரமாக வெளியே போய்ச் சேர்ந்தால் அவன் முடியை உனக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் என்றால் காரியம் முடிந்த பிறகுதான் செலுத்துவது. ஆனால் காரியம் முடிந்தால் பையன் இங்கே இருக்க மாட்டான். திரும்பி எப்போது வருவானோ, நான் இருக்கும்போது வருவானோ, யாருக்குத் தெரியும். அம்மனுக்குக் கடன் வைத்துவிட்டு ஒரு பிள்ளையை விமானம் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால், காரியம் நடக்கும் முன்பே, அவனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கு நல்ல அடர்த்தியான முடி. கொரியாக்காரர்கள் மாதிரி நெற்றியில் விழ வளர்த்து வைத்திருந்தான். என் பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேசும்போது பாதி பர்மியில் போய்விடுவான். ஆனால் அன்று முழுத் தமிழில் சொன்னான்.

"பாஸ்போர்ட்ல முடி இருக்கும்மா. மொட்ட அடிச்சா வேற ஆளு மாதிரி இருப்பேன். கவுண்டர்ல கேப்பாங்க."

"கேட்டா சாமிக்கு அடிச்சதுன்னு சொல்லு. நாட்டுல இந்துக்காரன் மொட்ட அடிக்கிறதில்லையா?"

"அப்புறமா அடிச்சுக்கறேன். அங்க போயி அடிச்சுக்கறேன்."

"அங்க அடிச்சா அந்த ஊரு சாமிக்குத்தான் சேரும்."

 இந்த வாதத்தில் எனக்கே அர்த்தம் இருந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று என் கணவர் ஒரே ஒரு முறை சொன்னார். நான் பார்த்த பார்வையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முடி விழுந்து முடிந்ததும் பையன் தலையைத் தடவிக்கொண்டு, "யபாடே," என்றான். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற சொல். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

வீட்டுக்குத் திரும்பியபோது முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மமா. மமா என்றால் பர்மியில் அக்கா. கணவர் இல்லை. தெருமுனையில் காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்று இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய மூத்தவனும் என் மகனும் ஒரே வயது, ஒன்றாகத் தெருவில் பிரம்புப் பந்து ஆடி வளர்ந்தவர்கள். இருபது வருஷப் பழக்கம். ஆனால் மமாவின் தம்பி வார்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். குலுக்கல் ஆரம்பித்த பிறகு, மமா வாசலில் நின்றால் நான் உள்ளே பேசுகிற குரலைக் குறைத்துக்கொள்வேன்.

"என்ன சயாமா, பையன் சாமியாராகப் போறானா?" என்று கேட்டார். நான் டியூஷன் எடுப்பதால் தெருவில் எல்லாருக்கும் நான் சயாமா, டீச்சரம்மா.

"கோயில் வேண்டுதல் மமா."

"என்ன வேண்டுதல்?"

"சும்மா, குடும்பத்துக்கு," என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனேன். அவர் பையனின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். 

விமானம் காலையில். கவுண்டரில் இருந்தது ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். என் கணவருடையதில் குத்தினார். பையனின் பாஸ்போர்ட்டைத் திறந்தார், படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி ஓரமாக இருந்த மேசையைக் காட்டினார். அங்கே வயதான அதிகாரி ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் கோட்டைத் தாண்டிவிட்டோம், பையன் தாண்டவில்லை. திரும்பி அவனோடு போய் நின்றோம். என் வாழ்க்கையில் நான் என்னையே அவ்வளவு திட்டிக்கொண்ட நேரம் வேறு கிடையாது.

"எந்த மடத்துல இருந்தே?" என்று அதிகாரி பர்மியில் கேட்டார். துறவறம் போய் வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

"மடம் இல்லைங்க. நான் இந்து. கோயில் வேண்டுதல்," என்றான் பையன்.

"எப்போ?"

"நாலு நாள் முன்னால."

"ஊருக்குப் போறதுக்கு நாலு நாள் முன்னாலயா?" கண்ணாடி கீழே இறங்கியது. "என்ன வேண்டுதல்?"

இதுதான் கேள்வி. நான்கு நாளாக எங்களில் ஒருவரும் இதற்கு ஒரு பதில் யோசித்து வைக்கவில்லை. ரிசார்ட் அறையின் எண் எங்களுக்குத் தெரியும், அங்கே காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தெரியும், எரிமலை எத்தனை வருஷம் முன்னால் பொங்கியது என்றுகூட என் கணவர் படித்து வைத்திருந்தார். இது தெரியாது. பையன் என்னைப் பார்த்தான். என் கணவர் வாயைத் திறந்து, "அதுங்க, அதுவந்து," என்று ஆரம்பித்தார். அவர் காதோரம் வியர்வை வழிவதை அந்த அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காக," என்றேன். "எனக்கு வயித்துல கட்டி. எடுத்தாங்க. கெட்ட கட்டியா இருக்குமோன்னு பயந்தோம். இவன் போயி அம்மனுக்கு முடி தர்றேன்னு வேண்டிக்கிட்டான். இப்ப ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்க. அதான் மொட்ட. அதான் இந்தப் பயணம். நான் சாவறதுக்குள்ள ஒரு கடலையாவது பாக்கணும்னு சொன்னேன்."

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பொய் சொல்ல வராதவள் என்று பெயரெடுத்தவள், மூச்சு விடாமல், கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு சொன்னேன். தண்ணீர் மட்டும் நிஜம். அம்மன் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வைத்த வேண்டுதலையே எடுத்து அவளை வைத்தே பொய் சொல்கிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார். போக வர டிக்கெட்டைக் கேட்டார், என் கணவர் கொடுத்தார். பையனின் வேலை, படிப்பு, எத்தனை நாள், திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு, எல்லாம் கேட்டார். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, எங்கள் விமானத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பையனிடம் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"அம்மாவ நல்லாப் பாத்துக்க," என்றார்.

விமானத்தில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மேகத்துக்கு மேலே போன பிறகு பையன் என் பக்கம் சாய்ந்து, "வயித்துல கட்டியா?" என்றான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ரிசார்ட்டைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. மணல் கறுப்பு. எரிமலைக் கல் பொடியாகிப் பொடியாகி ஆன மணல், வெயில் ஏறினால் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பின்னால் மலை, காலையில் முழுதாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் மேகத்துக்குள் போய்விடும். வாசலில் ஒரு பெண் எங்கள் மூவர் கழுத்திலும் பூமாலை போட்டு, இளநீரில் குழல் செருகிக் கொடுத்தாள். அங்கேயும் இந்துக்கள்தான். காலையில் ஓலைத்தட்டில் பூவும் சோறும் வைத்து ஒவ்வொரு வாசலிலும் வைக்கிறார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தயங்கும். கவுண்டரில் சொன்ன பொய் இவர்கள் சாமிக்கும் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று இருக்கும்.

நான் புடவையோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், தலையில் அந்த வைக்கோல் தொப்பி. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருப்பார்கள். என் கணவர் கைலியோடு நீச்சல் குளத்தில் இறங்கப் போனார், அதற்கு அனுமதி இல்லை என்று ஒரு பையன் வந்து பணிவாகச் சொன்னான். பிறகு கடலில் முழங்கால் வரை நின்றார். அறுபது வயதில் ஒரு மனிதன் கடலைப் பார்த்து அப்படிச் சிரித்ததை வேறு சமயமாக இருந்தால் நான் வருஷக்கணக்கில் சொல்லிக் கேலி செய்திருப்பேன். ஆனால் அவர் சிரித்து முடித்ததும் திரும்பிப் பையன் எங்கே என்று பார்த்தார். நாங்கள் இருவரும் ஐந்து நாளும் அதைத்தான் செய்தோம்.

இரண்டாம் நாள் மமாவிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது.

"போய்ச் சேந்தீங்களா சயாமா? கவுண்டர்ல பையன ஏதாவது கேட்டாங்களா?"

அதை இரண்டு தடவை படித்தேன். இருபது வருஷத்தில் நான் எங்கே போனாலும் சாப்பிட்டீர்களா என்று கேட்பவர், இப்போது முதல் செய்தியிலேயே கவுண்டரைப் பற்றிக் கேட்கிறார். பக்கத்தில் தம்பி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார் என்றே நினைத்தேன். பொரித்த மீன் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் இன்னொரு செய்தி. "அங்க எத்தன நாள் தங்க விடறாங்க?" நான் எரிமலையின் படத்தை அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள், "எந்த ஏஜென்ட் மூலமா போனீங்க?" என்று வந்தது. கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"அந்தம்மா மோப்பம் பிடிக்குது," என்றேன் கணவரிடம்.

"பிடிக்கட்டும். பையன் இங்க இருக்கான்," என்றார்.

பையன் இருந்தான், ஆனால் இருக்க மாட்டேன் என்று நான்காம் நாள் காலை சொன்னான். ஊரில் சில வீடுகளில் பிள்ளைகள் இல்லை என்றதும் வந்து விசாரிக்கிறார்கள் என்று யாரோ அவனுக்கு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மூவரும் கறுப்பு மணலில் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அவன் கையில் ஒரு கல்லை வைத்து உருட்டிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு நானும் வர்றேம்மா. யபாடே. எம் பேரு வராமலேகூடப் போகலாம். நான் இல்லேன்னு அப்பாவப் போயி ஏதாச்சும் செஞ்சாங்கன்னா?"

"உங்கப்பாவ என்ன செய்வாங்க? பட்டாளத்துக்குத் தண்ணி பில்லு எழுதச் சொல்வாங்களா?" என் கணவர் நகராட்சியில் தண்ணீர் வரிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"விளையாடாதம்மா."

"யார்றா விளையாடறது? உம் முடி போச்சு, எம் மானம் போச்சு. இல்லாத நோவ வயித்துல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். நீ யபாடேன்னு திரும்பி வர்றேங்கிறியா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் குடையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் புத்தகத்தைத் தாழ்த்திப் பார்த்தாள். பையன் எழுந்து அறைக்குப் போனான். பெட்டியை எடுத்து வைக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் பாஸ்போர்ட் அன்று காலையிலிருந்து என் வைக்கோல் தொப்பியின் உட்புறத்தில், துணிப்பட்டைக்குள் செருகியிருந்தது. எழுந்ததிலிருந்தே அவன் முகம் சரியில்லை என்று எடுத்து வைத்தது நான்தான். கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி வந்து கையை நீட்டினான்.

"குடும்மா."

"தர மாட்டேன்."

"நாளைக்கு வராம எப்படி இருப்பேன்? நான் இங்க தனியா என்ன செய்வேன்?" அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. அவனுக்குப் பயம் அப்பாவைப் பற்றி மட்டும் இல்லை. அவன் ஒரு நாள்கூடத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன் இல்லை.

அதுவரை கடலையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பாமலே பேசினார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். ஒரு நா வாசல்ல வந்து உம் பேரக் கூப்பிடுவாங்க. எந்திரிச்சுப் போவே. கையில துப்பாக்கி குடுப்பாங்க. யாரச் சுடுவே?"

பையன் நீட்டிய கையை இறக்கினான்.

"யாரச் சுடுவேன்னு சொல்லு. சொல்லிட்டு எங்களோட வா."

நான் என் கணவரோடு முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவர் யாரையும் பதில் சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.  பையன் தண்ணீரை நோக்கிப் போய் அலையில் உட்கார்ந்துகொண்டான். வெயில் அவன் மொட்டைத் தலையில் விழுந்து சிவந்துபோகும் வரை அங்கேயே இருந்தான். நான் என் தொப்பியைக் கழற்றி, பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு, தொப்பியைக் கொண்டு போய் அவன் தலையில் வைத்தேன். அவன் அதைக் கழற்றவில்லை. திரும்பி வருவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

ரிசார்ட்டுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடையை ஒட்டிய அறையை அவனுக்கு எடுத்துக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலை வண்டி வந்தது. அவன் எங்கள் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான், கதவைச் சாத்தினான், அப்பாவிடம் மாத்திரையை மறக்க வேண்டாம் என்றான். பாஸ்போர்ட்டை அவன் சட்டைப்பையில் வைத்தேன். நான் அவன் கன்னத்தைத் தொட்டேன். வண்டி திரும்பும்வரை நான் அழவில்லை. அதற்குப் பிறகு விமான நிலையம் வரை அழுதேன்.

யாங்கோனில் இறங்கிக் கவுண்டர் வரிசையில் நின்றோம். ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்று பேராகப் போய் இரண்டு பேராக வந்ததை யாரும் எண்ணவில்லை.

மறுநாள் பகலில் மமா ஒரு தூக்குவாளியில் மொஹிங்கா எடுத்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் போய் வந்தவர்கள் தெருவில் இருப்பவர்களுக்கு லெச்சாங் கொடுக்க வேண்டும், சின்னதாக ஏதாவது. இது எங்கள் ஊர் வழக்கம். நான் தீவில் வாங்கிய காப்பித்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"பையன் எங்க சயாமா?"

"தாமுவேல சிநேகிதன் வீட்டுக்குப் போயிருக்கான்."

அவர் தலையாட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கவுண்டர்ல என்ன கேக்கறாங்க? என்ன பதில் சொல்லணும்? வீட்டுல எல்லாரும் சேந்து போனாத்தான் விடறாங்களா, இல்ல பசங்க மட்டும் போகலாமா?"

இப்போது எழுதும்போது அந்தக் கேள்விகள் எவ்வளவு வெளிப்படையாக இருக்கின்றன என்று பார்க்கிறேன். எந்தத் தாய் கேட்டாலும் எனக்குப் புரிந்திருக்கும். இவர் கேட்டதால் புரியவில்லை. என் காதில் அவருடைய தம்பியின் குரல்தான் கேட்டது. பையன் மனம் மாறித் திரும்பி வந்துவிடுவானோ, நாத்தனார் வீட்டுக்காரர் அனுப்பும் காகிதம் வரும் முன்னால் யாராவது தடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மமா. எல்லாம் ஏஜென்ட் பாத்துக்கிட்டாங்க. எங்கள ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல. தண்ணி நல்லா இருந்துச்சு. மணல்தான் கறுப்பு."

அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். காப்பித்தூளுக்கு நன்றி சொன்னார். வாளியை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நான் கணவரிடம், "சமாளிச்சுட்டேன்," என்றேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து பையன் மலேசியா போய்ச் சேர்ந்தான். நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் அனுப்பினான். தலையில் ஒரு விரற்கடை முடி. நான் பூஜை அறையில் விளக்கேற்றினேன், அம்மனிடம் என் வயிற்றைப் பற்றிய பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். அதே வாரம் மமாவின் மூத்த மகனின் பெயர் வந்தது. காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. அவன் கையில் ஒரு சின்னப் பை. மமா அழவில்லை, வண்டி தெருமுனையைத் திரும்பும் வரை நடந்தே பின்னால் போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

பத்து நாள் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. காலையில் மொஹிங்கா கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். அந்தத் தூக்குவாளி என் சமையலறையிலேயே இருந்தது. பதினோராம் நாள் என் கணவர், "போயி குடுத்துட்டு வா," என்று மட்டும் சொன்னார். போனேன்.

மமா எனக்கு லப்பெயே என்கிற பால் தேநீர் போட்டுக் கொடுத்தார், எப்போதும் போல சர்க்கரை குறைவாக. அவருடைய இளைய மகன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வாளியை மேசையில் வைத்தேன். கடைசியில், "எம் பையன் இங்க இல்ல மமா. மலேசியா போயிட்டான்," என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொட்டத் தலையப் பாத்த அன்னிக்கே. ஊருக்குப் போறவன் யாராவது மொட்ட அடிச்சுக்கிட்டுப் போவானா? ஏதோ பெருசா வேண்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க அங்க இருந்தப்போ வார்டுல இருந்து வீட்டு ஆள்கணக்கு எடுக்க வந்தாங்க. உங்க வீடு பூட்டியிருந்துச்சு. மூணு பேரும் சுத்திப் பாக்கப் போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு சொன்னேன். மறுபடியும் போன வாரம் உங்க வீட்டுல யாரும் இல்லாதப்போ வந்தாங்க. பையன் வேலைக்குப் போயிருக்கான், சாயந்திரம் வருவான்னு சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"உங்க தம்பி?"

"அவன்கிட்ட நான் எதுவும் கேக்கறதும் இல்ல, சொல்றதும் இல்ல. அவனுக்கும் வேலை போயிடும்ல? அதான் உங்ககிட்ட கேட்டேன்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கவுண்டரில் அந்நியர் ஒருவருக்கு மூச்சு விடாமல் கதை சொன்னவளுக்கு, இருபது வருஷம் பழகியவர் முன்னால் நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மமா உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "இவனுக்குப் பதினேழு ஆச்சு, சயாமா, அடுத்த வருஷம் இவன் பேரும் குலுக்கல்ல சேந்துடும். இப்பவாவது சொல்லுங்க."

சொன்னேன். எந்த வரிசையில் நிற்க வேண்டும், திரும்பும் டிக்கெட் ஏன் கையில் இருக்க வேண்டும், யார் முதலில் போக வேண்டும், அதிகாரி என்ன கேட்டார், எதற்குத் தயாராக இருக்கவில்லை, நான் என்ன பொய் சொன்னேன், அந்த அறையின் வாடகை, கடைக்காரரின் போன் எண், எல்லாம் சொன்னேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, ஒவ்வொன்றையும் மெதுவாகத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தார். எல்லாம் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய மூத்தவனுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.